இரண்டு பிரேக் வண்டி

மூன்றாவது வளைவில் காரின் வேகம் குறைந்ததும், "பாத்தியா, எவ்ளோ பக்குவமா ஓட்டுறேன்" என்றான் அவன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேகத்தைக் குறைத்தது அவன் கால் இல்லை, அவளுடையது.

அது டிரைவிங் ஸ்கூல் கார். ஓட்டக் கற்பவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுப்பவருக்கு ஒன்று. ஒன்றை மிதித்தால் மற்றதும் சேர்ந்து இறங்கும். கற்றுக்கொடுக்கும் இருக்கையில்தான் அவளுக்கு இத்தனை வருடப் பிழைப்பு. அவனையும் அங்கிருந்துதான் கண்டுபிடித்தாள். இன்ஷூரன்ஸ் ஆபீசில் நாள் முழுக்க நசுங்கிய கார்களின் புகைப்படங்களைப் பார்க்கிறவன், ஸ்டியரிங்கைப் பிடித்ததும் நடுங்கினான். அன்றிலிருந்து அவள் அவனுக்கு 'டீச்சர்'. வயிறு தெரியத் தொடங்கிய பிறகு அந்தப் பெயரும் காணாமல் போயிற்று. இப்போதெல்லாம் "மெதுவா", "பாத்து", "ஒக்காரு" என்பவைதான் அவளுடைய பெயர்கள்.

கல்யாண நாளுக்கு இரண்டு நாள் வெளியூர் என்றதும் ஸ்கூல் முதலாளி தானே கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். டீசலுக்குக்கூடக் கணக்குக் கேட்கிறவர். அப்போதே அவள் யோசித்திருக்க வேண்டும்.

மலை விடுதியின் அறையில் மெத்தை மேல் ரோஜா இதழ்களால் ஒரு இதயம் செய்து வைத்திருந்தார்கள். நடுவே துண்டால் மடித்த இரண்டு அன்னங்கள் முத்தமிட்டுக்கொண்டிருந்தன. வாசனை மெழுகுவர்த்தியின் நெடி மூக்கில் ஏறியதும் அவள் குளியலறைக்கு ஓடினாள். குமட்டல் நின்று திரும்பியபோது, அவன் அன்னங்களை ஒதுக்கிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆள் உயரத் தலையணையைப் படுக்கையின் நடுவில் கிடத்தியிருந்தான். கர்ப்பிணிகளுக்கு என்றே வாங்கியது. மாதக்கணக்கில் அது அவர்களுக்கு நடுவில்தான் தூங்குகிறது.

"குளிக்கிற தொட்டி வழுக்கும், எறங்காத. பால்கனி கம்பி ஆடுது, சாயாத."

"மூச்சு விடலாமா?"

"விடு. மெதுவா விடு."

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். போன வருடமாக இருந்தால் வந்திருக்கும்.

அப்போதுதான் முதலாளி போன் செய்தார். "போய்ச் சேந்துட்டீங்களாம்மா? நல்லா ரெஸ்ட் எடு. ஒன்னோட பேட்ச புதுப் பொண்ணுகிட்ட குடுத்தாச்சு. வீட்டுக்காரரு எல்லாம் பக்குவமா சொன்னாரு. திங்கக்கெழம வண்டிய மட்டும் கொண்டாந்து விட்டுரு."

அவள் போனை ரோஜா இதயத்தின் மேல் வைத்தாள். "எப்ப சொன்ன?"

அவன் தலையணை உறையை இழுத்துவிட்டான். "போன வாரம். இங்க வந்து நிதானமா சொல்லலாம்னு..."

"கல்யாண நாள் பரிசா?"

"பழகாதவன் ஓட்டுற வண்டில நீ தெனமும் ஒக்கார்ற. நான் எத்தன ஃபோட்டோ பாக்குறேன் தெரியுமா? சொன்னா நீ கேக்க மாட்டே."

"கேட்டுப் பாத்தியா? எங்கிட்டக் கேக்காம என் வேலைய நிறுத்த நீ யாரு?"

அவன் ஜன்னலோரம் போய் நின்றான். பிறகு திரும்பாமலே சொன்னான்: "வழி பூரா நீ பிரேக் போட்டுட்டு வந்தியே டீச்சர். எங்கிட்டக் கேட்டா போட்ட?"

முதல் வளைவிலிருந்தே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் பக்குவம் என்று பெருமை அடித்திருக்கிறான். அவள் மானத்தைக் காப்பாற்றவா, தன்னுடையதையா?

"அது வேற" என்றாள்.

"என்ன வேற?"

பதில் சொல்வதற்குள் கதவு தட்டப்பட்டது. விடுதி மேனேஜரும் இரண்டு ஊழியர்களும் கேக்கோடு நின்று கைதட்டிப் பாடினார்கள். பாட்டு முடியும்வரை இருவரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். மேனேஜர் படம் எடுத்தார். "சார், இன்னும் கொஞ்சம் நெருங்கி!"

அன்று இரவு தலையணைக்கு அந்தப் பக்கம் அவன் தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது. அவளுக்கும் தூக்கம் இல்லை. அவளை அறுத்தது வேலை போனது அல்ல. இடுப்பு வலி தாங்காமல் இந்த மாதக் கடைசியோடு நிறுத்திக்கொள்ள அவளே நினைத்திருந்தாள். முதலாளி மேஜை முன்னால் நின்று எந்த வார்த்தைகளில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். அந்த வார்த்தைகளைத்தான் அவன் எடுத்துக்கொண்டுவிட்டான். அவன் காலுக்கடியிலிருந்து தான் எதை எடுத்தோம் என்ற கேள்வியும் கூடவே வந்தது. அதை எரிச்சலோடு தள்ளிவிட்டாள். அது தலையணை போல உருண்டு மறுபடி நடுவில் வந்து கிடந்தது.

காலையில் அவள் சாவியைக் கையில் எடுத்தாள். ஓட்டுநர் இருக்கையைப் பின்னால் தள்ளிவிட்டு, வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே கை நுழைகிறதா என்று பார்த்தாள். நுழைந்தது. பெடலும் எட்டியது.

"நானே ஓட்டுறேனே" என்றான்.

"ஏறு."

"அப்ப பின்னாடி ஒக்காரட்டுமா?"

"முன்னாடி. என் சீட்டுல."

அவன் தலையணையோடு ஏறினான். அவள் வண்டியை எடுத்தாள். இறக்கம். பிரேக்கில் பாதத்தை வைத்தபோது அது மயிரிழை அளவு ஏற்கெனவே அமுங்கியிருந்தது.

"காலு."

"சும்மா வெச்சிருக்கேன். அழுத்தல."

முதல் வளைவு நெருங்கியது. பாதத்தின் கீழ் பெடல் மெல்ல எழும்பியது. ஓரக்கண்ணால் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் இருக்கை மேல் தூக்கிச் சம்மணமிட்டு, தலையணையை மார்போடு இறுகக் கட்டிக்கொண்டு, கண்களை மட்டும் மூடாமல் அவன் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வளைவில் ஒரு லாரியின் ஹாரன் கேட்டது. அவன் கால் விரல்கள் இருக்கையின் மெத்தையைப் பற்றிச் சுருண்டன.