உறங்க வைத்த விண்டோஸ்

எங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்யக் கூடாது. முதலாளி மகுடேஸ்வரனின் உத்தரவு. எங்களுடையது டீ சர்ட்டுக்குப் பிரிண்ட் போடும் யூனிட். திருப்பூரில் எந்த யூனிட் மூடினாலும் ‘அது ஷட் டவுன் ஆயிருச்சாம்’ என்றுதான் டீக்கடையில் பேச்சு அடிபடும். அந்த வார்த்தை நம் வாசலுக்குள்ளேயே வரக் கூடாது என்பது அவர் கட்சி.

“வெளக்க அணைன்னா சொல்லுவோம் அம்மிணி? குளுர வைன்னுதானுங்க சொல்லுவோம். அது மாதிரி இதையும் உறங்க வச்சுட்டுப் போங்க.”

அதனால் தினமும் சாயங்காலம் ஹைபர்நேட்தான். திறந்து வைத்ததெல்லாம் திறந்தபடியே தூங்கும், காலையில் அப்படியே எழுந்திருக்கும். இதைச் சொல்லி நான் முதலாளியைக் கிண்டல் செய்யாத நாள் இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால்தான்.

என் பெயர் சத்யப்பிரியா. விசிட்டிங் கார்டில் ‘டிசைனர்’ என்று போட்டிருக்கிறார்கள். பார்ப்பதோ நகல் எடுக்கிற வேலை. ஆர்டர் கொடுக்கும் பையர் அனுப்பும் படத்தைத் திரும்ப வரைந்து, அச்சடிக்கும் ஸ்கிரீனுக்கு ஏற்ற மாதிரி நிறம் நிறமாகப் பிரித்துக் கொடுப்பேன். யாரோ வரைந்த கரடி, யாரோ வரைந்த ராக்கெட். சொந்தமாக ஒன்று வரை என்று யாரும் கேட்டதில்லை. போன வாரம்தான் பெங்களூரிலிருந்து பையர் தரப்பு மேடம் போனில் கேட்டார். குழந்தைகள் இரவு உடைக்குப் புதிதாக ஏதாவது இருந்தால், நேரில் வரும்போது காட்டச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாரம் முழுக்க வேறு நினைப்பே இல்லாமல் வரைந்தேன்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் இரண்டு குடித்தனம். ஆன் செய்ததும் விண்டோஸா, லினக்ஸா என்று கேட்கும். விண்டோஸ் என்னுடையது. லினக்ஸ், சரக்கு அனுப்பும் டிஸ்பேட்ச் வேலை பார்க்கிற ராக்கையா அண்ணனுடையது. மதுரைப் பக்கத்துக்காரர். பென் டிரைவில் வந்த வைரஸ் ஒரு தடவை அவருடைய ஸ்டிக்கர் ஃபைலையெல்லாம் தின்றுவிட, கோபத்தில் அவரே பாதி இடத்தைப் பிரித்து லினக்ஸ் போட்டுக்கொண்டார். அந்தப் பெருமையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளப்பார். தினமும் நான் வருவதற்குள் லினக்ஸில் நுழைந்து, பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் அடித்துவிட்டு நகர்ந்துவிடுவார். என் விண்டோஸ் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியாது. சொல்லவும் மாட்டேன்.

மேடம் வருவதாக இருந்த அன்று பார்த்து, ஊத்துக்குளியிலிருந்து நான் வரும் ரயில் வழியில் நின்றே விட்டது. போனிலும் சார்ஜ் இல்லை. ஸ்டேஷனிலிருந்து விழுந்தடித்து ஓடிவந்தால், கம்பெனி வாசலில் வேன் நிற்கிறது, டிரைவர் ஹாரனில் கை வைத்தபடி கத்துகிறார். மாடியில் என் நாற்காலியில் ராக்கையா அண்ணன். பக்கத்தில் முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். திரையில் கறுப்புப் பெட்டிக்குள் ஏதோ ஒரு வரி இங்கிலீஷ்.

“ஏனுங்ணா, இன்னிக்குன்னு பாத்து எம் மிஷினப் போட்டு நோண்டோணுமா? மேடம் இப்ப வந்துருவாங்கல்லங்க!” என்று எரிந்து விழுந்தேன்.

“நோண்டலத்தா. நேத்து உங்க மெயிலுக்கு வந்த பேக்கிங் லிஸ்ட்டு வேணும். அது இருந்தாத்தேன் எந்தப் பெட்டிக்கு எந்த ஸ்டிக்கர்னு தெரியும். அத விண்டோஸ்ல போட்டு வச்சிருக்கீக. இங்கிட்டுருந்து தொறந்தா, விண்டோஸ் தூங்குது, தொறக்க மாட்டேன்னு லினக்ஸ் அடம் பிடிக்குது. உங்களுக்குப் போன் போட்டா சுவிட்ச் ஆஃப்.”

நெட்டில் தேடி அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஒரே ஒரு வரி. அதைப் போட்டால் பூட்டு விட்டுப்போகும், என் பக்கத்து ஃபைல்கள் எல்லாம் லினக்ஸிலேயே திறக்கும். அந்த வரியைத்தான் அடித்து வைத்திருந்தார். என்டர் மட்டும் தட்டவில்லை.

“அப்புறம் என்னத்துக்குங்க உக்காந்திருக்கீங்க? தட்டுங்க!” என்று நானே எட்டிக் கை நீட்டினேன்.

அவர் சட்டென்று என்டர் மீது படாமல் உள்ளங்கையைக் குவித்து மூடிக்கொண்டார்.

“இருங்க. அங்கிட்டு எதையாச்சும் சேவ் பண்ணாமத் தொறந்து போட்டிருந்தா அதோட போயிரும்னு கீழ எழுதிருக்கான். எல்லாம் சேவ் பண்ணிட்டீகளா?”

“பண்ணாம இருப்பனுங்களா?”

“கடைசியா என்னைக்குப் பண்ணீக?”

எனக்கு ஞாபகம் வரவில்லை. திங்கட்கிழமை வெறும் கோட்டு வரைபடமாக இருந்தபோது ஒரு தடவை சேமித்தேன். அதற்குப் பிறகு? கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்தால்தானே ‘சேமிக்கட்டுமா’ என்று கேட்கும்? இங்கே யார் செய்தார்கள்? படம் வாரம் முழுக்கத் திறந்தே கிடந்தது. தினமும் காலையில் விட்ட இடத்திலேயே வந்து நின்றதால், சேமிக்க வேண்டும் என்கிற நினைப்பே எனக்கு அற்றுப்போயிருந்தது.

நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்தேன்.

“அண்ணா, கையெடுக்காதீங்கண்ணா,” என்றேன்.

அவர் அந்த வரியை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். லினக்ஸை முறைப்படி மூடி, மறுபடி ஆன் செய்து, விண்டோஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு எழுந்துகொண்டார். நான் உட்கார்ந்து பாஸ்வேர்டு அடித்தேன், இரண்டு தடவை தப்பாக. முதலாளி முருகனைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

திரை ஒரு நிமிஷம் கறுப்பாகவே இருந்தது. பிறகு என் எருமைக் கன்று வந்தது. ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பி வழியே மூக்கை நீட்டி வேடிக்கை பார்க்கும் கன்று. ஒரு காது காற்றில் மடங்கியிருக்கிறது. நேற்று கடைசியாக வரைந்த அந்தக் காது கூட அப்படியே இருந்தது. நான் வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே சேவ் செய்தேன். நம்பிக்கை வராமல் பென் டிரைவிலும் ஒன்று போட்டேன்.

“பாத்தீங்களா, உறங்க வச்சது நல்லதாப் போச்சுங்களா?” என்றார் முதலாளி. அப்படி உறங்க வைத்ததால்தான் இந்தக் கூத்தே என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் படத்தைப் பத்திரமாகப் படுக்க வைத்திருந்ததும் அதுதானே. “ரொம்ப நன்றிங்க சார்,” என்றேன். நிஜமாகவே சொன்னேன். அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

பேக்கிங் லிஸ்ட்டை ராக்கையா அண்ணனிடம் கொடுத்து முடிப்பதற்குள் மேடம் வந்துவிட்டார். படத்தைக் கிட்டே வந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். திடீரென்று சிரித்துவிட்டார்.

“இது டிக்கெட் எடுத்திருக்கா? யார் வரைஞ்சது?”

முதலாளி வழக்கம்போல ‘எங்க டீம்’ என்று ஆரம்பிக்கப்போகிறார் என்று நினைத்தேன். “நம்ம சத்யப்பிரியா வரைஞ்சதுங்க. சொந்தமா,” என்றார். சாம்பிள் போடச் சொல்லிவிட்டு மேடம் கிளம்பினார். பத்து வருஷமாக அடுத்தவர் கரடியை வரைந்த கை அது. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை.

கீழே போனேன். வேன் அப்போதும் நின்றுகொண்டிருந்தது. ராக்கையா அண்ணன் தனியாளாகப் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் இன்னும் ஓயவில்லை. காலையிலிருந்து லோடு ஏறாமல் இந்த ஆளால் கெட்டது என்று ஊரையே கூட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் அடுத்த பெட்டியை இழுத்து வைத்தார். நானும் ஒரு கட்டு ஸ்டிக்கரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“என்னத்தா, டிசைனர் மேடம் ஸ்டிக்கர் ஒட்ட வந்துட்டீக?”

“அண்ணா, காலைலயே அந்த என்டரத் தட்டியிருந்தா உங்களுக்கு இந்தத் திட்டெல்லாம் வந்திருக்காதுங்களே.”

“அதுக்காக? உங்க பக்கத்துச் சாமான், உங்களக் கேக்காமயா?” என்றவர் ஒரு பெட்டியைத் திருப்பி வைத்தார். “படம் அவுகளுக்குப் பிடிச்சுதா?”

“பிடிச்சுதுங்ணா.”

“ஆமா, அப்படி என்னதான் வரைஞ்சீக?”

எனக்குச் சுருக்கென்றது. படம் திரையில் வந்தபோது அவர் பேக்கிங் லிஸ்ட்டுக்காகப் பிரிண்டர் பக்கம் திரும்பி நின்றிருந்தார். அதற்கு முன்னாலும் நான் யாருக்கும் காட்டியதில்லை. உள்ளே ஒரு படம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல், காலையெல்லாம் ஏச்சு வாங்கிக்கொண்டு எனக்காக அந்த மனிதர் காத்திருந்திருக்கிறார்.

மாடிக்கு ஓடினேன். பெரிய தாளில், முழு நிறத்தில் ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. விரலெல்லாம் ஸ்டிக்கர் பசை.

“இருங்க, கையக் கழுவிட்டு வந்துர்றேன்,” என்று குழாய்ப் பக்கம் போனார்.

டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தார். அடிக்கட்டும் என்று, தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.