இடது இமையின் கோடு

இரண்டு சகோதரிகளுக்கும் அம்மாவின் கண்கள். ஐம்பதைத் தாண்டியதும் மேலிமை தளர்ந்து விழியின்மேல் சரியும் கண்கள். அக்காவுக்குத்தான் முதலில் சரிந்தது. அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று விசாரித்து வந்தவளும் அவளே. டாக்டர் சோதித்துவிட்டு, "உங்களுக்குக் கண்ணீர் ரொம்பக் கம்மியா சுரக்குது. இமைத் தோலக் குறைச்சா கண்ணு காஞ்சு போயிடும். வேண்டாம்மா" என்று கையை விரித்துவிட்டார். துணைக்குப் போயிருந்த தங்கையைப் பார்த்து, "உங்களுக்குத் தாராளமா செய்யலாம்" என்றார்.

அன்று பிடித்த வயிற்றெரிச்சல் அக்காவுக்கு இன்னும் அணையவில்லை.

இன்று தங்கைக்கு அறுவை. டாக்டர் அவளை நிமிர்ந்து உட்காரவைத்து, வெட்ட வேண்டிய தோலை இரண்டு இமைகளிலும் ஊதா மையால் வளைவாக வரைந்தார். "தொட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"எப்படிக்கா இருக்கேன்?"

"நாடகத்துக்கு வேஷம் போட்டுப் பாதியில ஓடி வந்தவ மாதிரி இருக்க."

தங்கை சிரித்தாள். "எங்க வீட்டுக்காரர் என்ன சொல்றாரு தெரியுமா? இனிமே நம்ம ரெண்டு பேரையும் பாத்தா அம்மாவும் பொண்ணும்னு நினைப்பாங்களாம்."

"முதல்ல அவரு மண்டையில நாலு முடி முளைக்கட்டும். அப்புறம் பேசச் சொல்லு."

சிரித்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று உதடு கோணியது. "பயமா இருக்குக்கா. பார்வைக்கு ஏதாவது ஆயிட்டா?"

கண்ணீர் வழிந்தது. அக்கா கைக்குட்டையை எடுத்துக் கன்னத்தைத் துடைத்தாள். பிறகு இடது கண்ணைத் துடைத்தாள், வேண்டியதைவிடச் சற்று அழுத்தி. கைக்குட்டையில் ஊதாக் கறை. இமையில் இருந்த கோடு மங்கிப் புகைபோல ஆகிவிட்டது.

அக்கா தையல்காரி. கோடு அழிந்த துணியை உத்தேசமாக வெட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதற்குள் சிஸ்டர் சக்கர நாற்காலியோடு வந்துவிட்டார். தங்கை பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். சிஸ்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தபடியே நாற்காலியைத் தள்ளினார்.

உள்ளே போனால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பார்க்காவிட்டால்? ஒரு கண் ஏறி, ஒரு கண் இறங்கி நிற்கும். அம்மாவும் பொண்ணும் என்று அப்போது எவன் சொல்வான்? நாற்காலி கதவை நெருங்கும் அந்தச் சில நொடிகள், நினைப்பு வெல்லக்கட்டிபோல் இனித்தது.

"அக்கா," தங்கை கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "உன் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடற நேரமாச்சு. நீ மறந்துடுவேன்னு என் பையில எடுத்துட்டு வந்தேன். விட்டுக்க."

அக்கா நாற்காலியின் பின்னால் ஓடினாள்.

"சிஸ்டர், நில்லுங்க! இடது பக்கம் கோடு அழிஞ்சுபோச்சு. நான்தான் அழிச்சேன்."

"தொடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரேம்மா!" சிஸ்டர் கடிந்துகொண்டே டாக்டரை அழைத்து வந்தார்.

டாக்டர் குனிந்து பார்த்தார். "நல்ல வேளை, இப்பவே சொன்னீங்க. படுக்க வச்சா தோல் ஒதுங்கிடும். அப்புறம் சரியான அளவு கிடைக்காது." பேனாவைத் திறந்தார். "இவங்களுக்கு உடம்பு நடுங்குது. தலைய அசையாமப் பிடிச்சுக்கோங்க."

அக்கா இரண்டு உள்ளங்கைகளாலும் தங்கையின் முகத்தைத் தாங்கிக்கொண்டாள்.

"துடைக்கும்போதே நினைச்சேன்," என்றாள் தங்கை. "கண்ணையே தோண்டி எடுத்துடுவ போலிருந்துச்சு."

"பாதி கண்ணீரத் துடைச்சேன்டி. பாதி என் வயித்தெரிச்சல்."

"எனக்கு மட்டும் செய்யலாம்னு டாக்டர் சொன்னப்பவே உன் முகத்தப் பாத்தேன்க்கா. பாத்தும் சரின்னுட்டேன்."

"ரெண்டு பேரும் வாய மூடுங்க, கோடு கோணிடும்" என்றார் டாக்டர்.

மை புதிதாக ஓடியது. வளைவு அழகாக விழுந்தது. இந்தக் கண் எவ்வளவு அழகாக விரியப்போகிறது என்பது அக்காவுக்குத் தெரிந்தது. அது வலிக்கவும் செய்தது. அழகாகவே வரட்டும், ஆண்டவனே, என்று வேண்டிக்கொள்ளப் பார்த்தாள். முதல் தடவை வார்த்தை வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது. கோடு முடியும்வரை அவள் கைகள் அசையவில்லை.