இடதுபக்கம் இழுக்கும் ஸ்டிக்

ஸ்க்ரூடிரைவர் நழுவி அக்காவின் கட்டைவிரலைக் கீறியது. ரத்தத்தைத் துடைக்க நேரமில்லை. கடைசி ஸ்க்ரூவையும் கழற்றி, தங்கையின் வீடியோ கேம் கன்ட்ரோலரை இரண்டாகப் பிரித்தாள்.

"ஸ்டிக் இழுக்குது. யாரும் தொடாமலே ஸ்கிரீன்ல ஆள் இடதுபக்கம் நடக்கறான்," என்றார் நடுவர். "பத்து நிமிஷத்துல சரி பண்ணுங்க. இல்லேன்னா மாற்று ஆட்டக்காரர் ஆடணும். அவங்கவங்க பேர்ல பதிவான கன்ட்ரோலரை வெச்சு அவங்கவங்கதான் ஆடலாம்."

மாற்று ஆட்டக்காரர் அக்காவேதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் மூவாயிரம் பேர். இருபத்திரண்டு நாடுகள் மோதிய வீடியோ கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம். "சுண்டெலி! சுண்டெலி!" என்று கூரை அதிர்ந்தது. சின்ன வயதில் பென்சிலைக் கொறித்த தங்கைக்கு அக்கா வைத்த பெயர். இப்போது முகம் தெரியாத ஊர்க்காரர்களெல்லாம் அதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டிருந்தார்கள். பெயர் வைத்தவளைத்தான் ஒரு நாதியும் சீண்டவில்லை.

அக்காவுக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலுக்கு மூன்று மாத வயது. இருவரும் ஒரே செல்போன் கடையில்தான் வேலை. பெரியவள் ரிப்பேர் மேஜையில், சின்னவள் கல்லாவில். ஒரே டிவியில், ஒரே பாயில் உட்கார்ந்து ஆடிப் பழகியவர்கள். தேர்வுப் போட்டியில் மூன்றுக்கு ஒன்று என்று அக்காவைச் சுருட்டிவிட்டாள் சின்னவள். சாக்குச் சொல்லவும் வழியில்லை. முந்தின நாள் தன் கன்ட்ரோலரில் இதேபோல் தானாக இழுத்த கட்டைவிரல் ஸ்டிக்கை ஸ்பிரிட் விட்டுத் துடைத்து வைத்திருந்தாள் அக்கா. காலையில் புதுசு மாதிரி ஓடியது. "பார்த்தியா என் கைராசியை!" என்று பீற்றிக்கொண்டு போய்த்தான் தோற்றாள்.

அன்றிலிருந்து தங்கை தன் கன்ட்ரோலரை அக்காவிடம் கொடுத்ததே இல்லை. ஜெயித்த திமிர் என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இன்று வேறு வழியில்லாமல் கொடுத்திருக்கிறாள்.

உள்ளே பார்த்ததும் அக்காவின் புருவம் ஏறியது. ஸ்டிக்கின் அடியில் கோணல்மாணலாகப் பற்றவைத்த ஈயம் அப்பியிருந்தது.

"ஏண்டி, யாரு இதுல கை வெச்சது? கொத்து வேலை பார்த்த மாதிரி இருக்கு!"

தங்கை நகத்தைக் கடித்தாள். "நான்தான். அப்புறம் சொல்றேன்க்கா. ஆகுமா ஆகாதா?"

ஆகும். அக்காவின் சட்டைப் பையில் புது ஸ்டிக் இருந்தது. சூடு வைத்து எடுத்து, புதுசைப் பொருத்த ஐந்தே நிமிடம். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வாள்.

"சுண்டெலி! சுண்டெலி!"

பைக்குள் போன விரல்கள் ஸ்டிக்கைத் தொட்டன. தொட்டுவிட்டு, வெறுங்கையாகத் திரும்பி வந்தன.

"ஆகாது," என்றாள் அக்கா. "போர்டே போயிடுச்சு."

தன் குரல் இவ்வளவு நிதானமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. நடுவர் தாளில் தங்கையின் பெயரை அடித்து, கீழே அக்காவின் பெயரை எழுதினார். "நாலு நிமிஷத்துல மேடைக்கு வாங்க."

தங்கை அழுவாள், கத்துவாள், காலில் விழுவாள் என்று காத்திருந்தாள் அக்கா. அவளோ தன் கழுத்து அட்டையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கைக்குட்டையைக் கிழித்து அக்காவின் கட்டைவிரலில் கட்டினாள்.

"வலிக்குதா? இந்த விரல்லதானே ஸ்டிக்கைத் தள்ளணும்?"

"விடுடி."

"ஒண்ணு சொல்றேன், திட்டக்கூடாது." முடிச்சை இறுக்கினாள் தங்கை. "தேர்வுக்கு முந்தின நாள் நீ துடைச்சப்புறமும் உன் ஸ்டிக் லேசா இழுத்துட்டுதான் இருந்துச்சு. கடையில புதுசும் இல்ல. நொண்டி ஸ்டிக்கோட உன்னை ஜெயிச்சா அது ஒரு ஜெயமாக்கா? நீ தூங்கினதும் நம்ம ரெண்டு பேர் ஸ்டிக்கையும் கழட்டி மாத்திட்டேன். பிரிச்சா நீ கண்டுபிடிச்சிடுவேன்னுதான் இதை உன்கிட்ட குடுக்கவே இல்ல. இன்னிக்குத்தான் ரொம்ப முத்திடுச்சு."

அக்காவின் கை தானாகச் சட்டைப் பையை மூடியது.

"உன்னோடதுல இருக்கறது என் ஸ்டிக்குக்கா. நல்லா ஓடும். பயப்படாம ஆடு."