ஏழாவது மாடிக்கு வந்த அழைப்பு

அந்த மருத்துவமனையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. நான்கு லிஃப்டுகளும் பதினோரு வருடமாக அவள் பொறுப்பு என்பதால் வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் லிஃப்டக்காதான். அவள் அம்மா கீழே கேன்டீனில் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். வாய்க்குப் பூட்டில்லாத மனுஷி.

அவள் கல்யாணத்துக்குக் காரணமே அம்மாவின் பல் செட்டுதான். பல் மருத்துவப் பிரிவில் கட்டிக் கொடுத்த செட்டு ஆடுகிறது என்று அம்மா நான்கு முறை போய்ச் சண்டை போட்டாள். ஐந்தாவது முறை மகளையும் துணைக்கு இழுத்துப் போனாள். பல் செய்கிற அறையில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் வெள்ளைக் கோட்டோடு எழுந்து நின்று, புத்தகத்தில் படித்துக் கற்ற தமிழில், "அம்மையீர், பல்லின் மேல் பிழையில்லை. தங்கள் ஈறு இளைத்துவிட்டது" என்றார். சண்டை போடப் போனவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

இரண்டு வருடம் கழித்துப் பதிவு அலுவலகத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். "மாமியாருக்கே பல்லைக் கட்டிக் கொடுத்தவர், தைரியசாலி" என்று மருத்துவமனை முழுக்கப் பேச்சு. ஆனால் நான்கே மாதத்தில் அவருடைய வேலை அனுமதி முடிந்தது. ஊருக்குப் போய், கணவன் என்ற முறையில் விசா கேட்டுத் திரும்பி வர வேண்டும் என்றார்கள். போனார்.

முதல் நேர்காணல் கவிழ்ந்தது. அதற்கு அவள்தான் காரணம். எண்பது கேள்வி எழுதி, எண்பதுக்கும் பதில் எழுதி, பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார் செய்வதுபோல் தினமும் ஃபோனில் ஒப்பிக்க வைத்தாள். அங்கே தூதரகத்தில் அதிகாரி நடுவில் ஏதோ குறுக்குக் கேள்வி கேட்க, அவர் மிரண்டுபோய் முதல் கேள்வியின் பதிலிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறார். 'மனப்பாடம் செய்த பதில்கள். உறவில் ஐயம்' என்று கடிதம் வந்தது. அதைப் படித்த அன்று அவள் மூன்றாம் லிஃப்டின் கதவுகளைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினாள். அதில் ஒரு கோளாறும் இருக்கவில்லை.

ஏழு மாதம் கழித்து இரண்டாவது தேதி கிடைத்தது, ஒரு செவ்வாய்க்கிழமை. அதே செவ்வாயில்தான் லிஃப்டுகளுக்கு வருடாந்தரச் சோதனை. அரசு ஆய்வாளர் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவள் கையெழுத்தும் விழாவிட்டால் நோயாளிகளைப் படுக்கையோடு ஏற்றும் லிஃப்டை நிறுத்திவிடுவார்கள். அவள் இரண்டு பக்கமும் தேதி மாற்றக் கேட்டுப் பார்த்தாள். நடக்கவில்லை.

"வந்தாலும் உள்ள விடமாட்டாங்களாம். வெளிய நாற்காலியில உக்காந்திருக்கலாம், அவ்வளவுதான். ஆனா அதுக்காவது வந்திருப்பேன்" என்றாள் ஃபோனில்.

"நீங்கள் நோயாளிகளைப் பாருங்கள். நான் என் வாயைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் அவர்.

போக முடியாதவள் என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து யோசித்தாள். விண்ணப்பம் நிரப்பித் தரும் கடைக்காரர், 'நாங்கள் இருவரும் உண்மையான அன்புடனும் பரஸ்பர நம்பிக்கையுடனும்' என்று தொடங்கும் கடிதம் ஒன்றை ஆயத்தமாக வைத்திருந்தார். வாங்கிப் படித்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து சொந்தமாக ஒன்றரைப் பக்கம் எழுதினாள். தான் ஏன் வர முடியவில்லை என்பதை எழுதி, சோதனை அறிவிப்பின் நகலை இணைத்தாள். பல் செட்டுக் கதையை எழுதினாள். முதல் தடவை அவர் ஒப்பித்தது தன் வேலை என்று மறைக்காமல் ஒப்புக்கொண்டாள். புகைப்படங்கள் தேடினால் பதினேழுதான் தேறின. ஒன்றில்கூட இரண்டு பேரும் ஒழுங்காகத் தலைவாரியிருக்கவில்லை. எல்லாவற்றையும் அனுப்பினாள்.

ஒத்திகை மட்டும் கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "தெரிஞ்சதைச் சொல்லுங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க. பயமா இருந்தா, பயமா இருக்குன்னே சொல்லிடுங்க."

"அப்படிச் சொல்லலாமா?"

"சொன்னா என்ன, தலையையா எடுத்துடுவாங்க?"

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். மெலிந்த மனிதர், கையில் தடித்த பதிவேடு. ஏழாவது மாடிக்கு மேலிருந்த மெஷின் அறையில் செல்ஃபோன் எடுக்காது. படிக்கட்டு வரைதான் சிக்னல். விசா அதிகாரி ஒருவேளை மனைவியிடமும் பேசலாம் என்று நேர்காணல் அறிவிப்பில் ஒரு வரி இருந்தது. ஆகவே ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"மணி அடிச்சா எடு. 'ஒரு நிமிஷம் இருங்க, கூப்பிடறேன்'னு சொல்லு. வேற ஒரு வார்த்தை பேசக்கூடாது. நேரா மேல ஓடி வா."

"நான் என்ன பச்சைக் குழந்தையா? போடி."

பதினொன்றே கால் இருக்கும். வேகம் மிஞ்சினால் லிஃப்டைக் கவ்விப் பிடிக்கும் பிரேக்கை ஆய்வாளர் சோதித்துக்கொண்டிருந்தார். நான்கு லிஃப்டும் நின்றிருந்தன. அவள் கை நெம்புகோலில் இருந்தது. அவர் சொல்லாமல் எடுக்க முடியாது. அப்போது படிக்கட்டில் எங்கோ கீழேயிருந்து அம்மாவின் குரல் ஏறி வருவது கேட்டது.

"...வெச்சிடாதீங்க மேடம், வந்துட்டேன், இது மூணாவது மாடிதான். லிஃப்டை நிறுத்திட்டாங்க, என் பொண்ணுதான் நிறுத்திருக்கா..."

நெம்புகோலை விடாமல் அவள் வாசல் பக்கம் கழுத்தை நீட்டினாள்.

"...மாப்பிள்ளையா? தங்கமான மனுஷன். ஆனா வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது... இருங்க, மூச்சு வாங்குது... அவருக்கு ஜலதோஷம் வந்தா ஊரே தூங்க முடியாது, அப்படித் தும்முவாரு..."

"ஐயோ அம்மா" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆய்வாளர் பதிவேட்டிலிருந்து நிமிர்ந்தார். "யாரும்மா அது?"

"எங்க அம்மா சார். விசா ஆபீஸ்காரங்ககிட்ட பேசிக்கிட்டிருக்காங்க. என் வீட்டுக்காரருக்கு இன்னிக்கு இன்டர்வியூ."

குரல் ஐந்தாவது மாடிக்கு வந்துவிட்டது. "...முதல் தடவை என்னத்தையோ உருப்போட வெச்சு அனுப்பினா. எனக்கு அப்பவே பிடிக்கல. அந்த மனுஷன் பொய் சொன்னா காது சிவந்துடும் மேடம், பாருங்க, இப்ப சிவந்திருக்கா? இல்லல்ல?..."

ஆய்வாளர் அருகே வந்து நெம்புகோலைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். "போங்க. நான் பிடிச்சிருக்கேன்."

அவள் வாசலுக்கு ஓடினாள். அம்மா கடைசிப் படியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஃபோனை நீட்டினாள். முகமெல்லாம் வியர்வை. ஏறின வேகத்தில் பல் செட்டு நழுவி, அதை நாக்கால் தள்ளிச் சரிசெய்துகொண்டே, "நான் எதுவும் சொல்லல" என்றாள்.

ஃபோனில் தமிழ் தெரிந்த ஒரு பெண் அதிகாரியின் நிதானமான குரல். பெயர், திருமண நாள், முகவரி எல்லாம் சரிபார்த்தது. பிறகு, "உங்க கணவர்கிட்ட உங்களுக்குப் பிடிக்காதது ஏதாவது இருக்கா?" என்றது.

எண்பதில் இந்தக் கேள்வி இல்லை.

"சண்டை போடும்போதுகூட 'நீங்கள்', 'தாங்கள்'னு பேசுவாரு மேடம். கோவமா நாலு வார்த்தை கத்திட்டா எனக்கும் கத்த வசதியா இருக்கும். அவ்வளவு மரியாதையா பேசினா நான் மட்டும் எப்படிக் கத்தறது?"

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "சரி, நன்றி" என்ற குரலோடு தொடர்பு அறுந்தது.

நல்லதா கெட்டதா என்று புரியவில்லை. அம்மாவைத் திட்டலாம் என்று திரும்பினாள். அம்மா படியிலேயே உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள். அறுபத்திரண்டு வயதில் ஏழு மாடி. திட்டு வரவில்லை. தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு உள்ளே போய் வேலையை முடித்தாள். மூன்று மணிக்கு இரண்டு கையெழுத்தும் விழுந்தன. ஆய்வாளர் போகும்போது, "உங்கம்மா சொன்னதுல பாதி உண்மைன்னாகூடக் கொடுத்துடுவாங்க" என்றார்.

நான்கு மணிக்குக் கணவர் அழைத்தார்.

"பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டார்கள். திருப்பித் தரவில்லை."

"வெச்சுக்கிட்டா?"

"வைத்துக்கொண்டால் நல்லதாம். தூதரக வாசல் காவலாளி சொன்னார். முதலிலேயே எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மையார் தண்ணீர் கொடுத்தார். உங்களிடம் பிடிக்காதது எது என்றும் கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

"உங்களுக்கு மன்னிப்புக் கேட்க வராது. அதற்குப் பதில் எதையாவது கழற்றி மாட்டுவீர்கள். என் கைக்கடிகாரத்தை மூன்று முறை பழுது பார்த்திருக்கிறீர்கள், அது ஒருமுறைகூடப் பழுதாகவில்லை என்றேன்."

மருத்துவமனை வராந்தா என்றும் பாராமல் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

பதினோராவது நாள் விசா வந்தது. அடுத்த சனிக்கிழமை விமான நிலையத்தில் இரண்டு பெட்டியோடு வெளியே வந்தவரை அம்மாதான் முதலில் பிடித்துக்கொண்டாள். இளைத்துவிட்டார் என்று அவள் சொல்ல, இல்லை அத்தை, இரண்டு கிலோ கூடியிருக்கிறேன் என்று அவர் வாதாட, டாக்சி வரும்வரை அது முடியவில்லை. அம்மாவை இரண்டு தெரு தள்ளி அவள் வீட்டில் இறக்கிவிட்டு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு வேலை இருந்தது. கிளம்பும்போது அவர் போர்வையை இழுத்து மூடி அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். வெளியே வந்து, பழக்கத்தில் சாவியைப் பூட்டில் நுழைத்தவள், உள்ளே ஆள் இருப்பது நினைவுக்கு வந்து, கதவை வெறுமனே சாத்திவிட்டுப் படியிறங்கினாள்.