கிரேன் தூக்கிய கருத்து

எங்கள் ஊர் வார இதழின் ஒரு கட்டைத் தூக்க ஏழு சுமைக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் கைவிரித்த பிறகு மரக்கிடங்கிலிருந்து ஒரு கிரேன் வந்தது. இதழுக்கு மொத்தமே நான்கு பக்கம். அதிலும் நான்காம் பக்கத்தில் பாதி பேருந்து நேரம். உலகத்தில் வேறெந்த ஊரிலும் இப்படி ஒரு பத்திரிகை வெளிவந்ததில்லை, இனி வரப்போவதுமில்லை. நம்பாதவர்கள் அச்சகத்துக்குப் போய்த் தரையைப் பார்க்கலாம். கட்டு இறங்கிய பள்ளம் அப்படியே இருக்கிறது. மழைக்காலத்தில் வருகிறவர்கள் அதில் குடை வைக்கிறார்கள்.

அது ஒரே நாளில் வந்த கனம் அல்ல. அதற்கு மூன்று வருடம் முன்பு, ஒரு புதன்கிழமை காலையில், இதழை வீடு வீடாகப் போடும் சைக்கிள்காரரின் பின்சக்கரம் முதல் தெருவிலேயே வெடித்தது. டியூப் மாற்றினார், இரண்டாம் தெருவில் மறுபடி வெடித்தது. அச்சகத்தம்மா காகிதக் கடைக்காரரைச் சந்தேகப்பட்டார். இதழுக்கு ஆசிரியர், அச்சுக்கோப்பவர், பிழை திருத்துபவர், பசை தடவுபவர் எல்லாம் அந்த அம்மாள் ஒருவரே. ஆகவே சந்தேகப்பட உள்ளே வேறு ஆள் இல்லை. காகிதக் கடைக்காரர் மை விற்றவரைச் சந்தேகப்பட்டார். மை விற்றவர் சைக்கிளைச் சந்தேகப்பட்டார். சைக்கிள்காரர் மட்டும் யார்மேலும் பழி போடாமல் ஒரு கத்தரிக்கோலை எடுத்தார். ஓர் இதழைச் செய்தி செய்தியாக வெட்டி மளிகைக்கடைத் தராசில் போட்டுப் பார்த்தார். காணாமற்போன பூனை பற்றிய அறிவிப்புக்குத் தட்டு அசையவே இல்லை. பேருந்து நேரம் ஓர் எலுமிச்சம்பழத்தின் எடை. 'காற்றோட்டமான அறை வாடகைக்கு' என்பது சுளையாக ஒரு கிலோ. இரங்கல் அறிவிப்பில் 'பாசமிகு மாமியார்' என்ற இரண்டே சொல் முக்கால் கிலோ. அதைக் கொடுத்த மருமகள் அதற்குப் பிறகு வேறு கடையில் சாமான் வாங்கினார். குடிநீர்த் தொட்டி முழுமையாகச் சுத்தம் செய்யப்பட்டது என்ற நகர்மன்றச் செய்தியைப் போட்டதும் தட்டு மேசையில் மோதி, பக்கத்திலிருந்த சர்க்கரை டப்பா கவிழ்ந்தது. அன்று மாலையே நாலு பேர் ஏணி வைத்துத் தொட்டிமேல் ஏறிப் பார்த்தார்கள். உள்ளே ஒற்றைச் செருப்பு ஒன்று, புறா இரண்டு, நகர்மன்றம் வாங்கிய துடைப்பம் ஒன்று. துடைப்பத்தின் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

அதன் பிறகு ஊரில் யாரும் இதழை முதலில் படிக்கவில்லை, முதலில் தராசில் வைத்து நிறுத்தார்கள். வாசலில் விழும் சத்தத்தைக் கேட்டே, "இந்த வாரம் தலைவர் பேசியிருக்கார்போல" என்று அடுக்களையிலிருந்தே சொல்லும் திறமை பலருக்கு வந்துவிட்டது. நகர்மன்றத் தலைவர் ஆள் அனுப்பி அச்சகத்து மேசைக்கு அடியில் காந்தம் இருக்கிறதா என்று துழாவச் சொன்னார். கிடைத்தது ஒரு பல்லிதான். பிறகு அவர் அறிக்கைகளைச் சுருக்கிப் பார்த்தார். 'பணி நடைபெற்று வருகிறது' என்று மூன்றே சொல்லில் நிறுத்தினார். அது ஒரு செங்கல் கனம் இருந்தது. ஆனால் வருடம் போகப் போகத் தலைவரின் செய்திகள் தாமாகவே இலேசாயின. மூன்றாம் வருடம் அவர் அறிவித்த நவீனப் பேருந்து நிலையத்தை வாயால் ஊதித் தள்ள முடிந்தது. அவர் திருந்திவிட்டார் என்று சிலர் மகிழ்ந்தார்கள். விஷயம் அதுவல்ல என்பதையும் சைக்கிள்காரர்தான் கண்டுபிடித்தார். எத்தனை பேர் நம்புகிறார்களோ அத்தனை கனம். யாருமே நம்பாத பொய்க்கு எடை கிடையாது.

இதில் எதையும் ஒப்புக்கொள்ளாத மனிதர் ஊரில் ஒருவர் இருந்தார். முத்திரைக்காரர். முப்பத்தொரு வருடம் கடை கடையாகப் போய்த் தராசும் படிக்கல்லும் சோதித்து முத்திரை குத்திய அரசு உத்தியோகஸ்தர். சந்தேகம் அவருக்கு மூச்சு மாதிரி. கடிகாரம் பத்து அடித்தால் எண்ணிப் பார்ப்பார். மாடிப்படி ஏறும்போது நேற்றிருந்த படிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே ஏறுவார். ஓய்வுபெற்ற பிறகு இதழின் மூன்றாம் பக்கத்தில் 'ஒரு குடியிருப்பாளரின் கருத்து' என்ற பத்தியை எழுதிவந்தார். எந்தத் தெருவிளக்கு பகலில் எரிந்து ராத்திரியில் தூங்குகிறது, எந்தக் குப்பைத்தொட்டிக்கு மூடி இல்லை, நூலகத்தைத் திறப்பவர் எத்தனை நிமிடம் தாமதம் என்று நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு வரி எழுதமாட்டார். அந்தப் பத்தியைத் தனியே வெட்டித் தட்டில் வைத்தால் நிற்காது. மின்விசிறிக் காற்றில் பறந்து எதிர்க்கடைக்குப் போய்விடும். தன் நிழலையே திரும்பிப் பார்த்து நடக்கப் பழகிவிட்ட ஊர், அந்தப் பத்தி ஒன்றை மட்டும், படிக்கும் முன்பே, கண்ணை மூடிக்கொண்டு நம்பியது. அவரோ எடை சமாசாரம் முழுவதுமே பித்தலாட்டம் என்று அதே பத்தியில் பதினான்கு முறை எழுதினார்.

"பொய்க்கு எடை இருந்தா, நான் பார்த்த கடைக்காரங்க அத்தனை பேரும் கூன் விழுந்துல்ல நடந்திருக்கணும்?" என்று கேட்பார்.

"அவங்க பேச்சை யாருய்யா நம்புனா?" என்பார் சைக்கிள்காரர்.

அந்த மூன்றாம் வருடம் கால்வாய்ப் பாலத்தின் பேச்சு வந்தது. ஊரை இரண்டாக வெட்டும் கால்வாயின்மேல் ஒரு நடைபாலம். இக்கரையில் வீடுகள், அக்கரையில் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும். பத்து மாதம் மூடிக்கிடந்து பழுது பார்த்தார்கள். ஒப்பந்தம் எடுத்தவர் முத்திரைக்காரரின் மருமகன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பு. முதலில் ஒப்பந்ததாரரின் மனைவி, அதாவது முத்திரைக்காரரின் ஒரே மகள், நடந்து காட்டுவார். அவர் பின்னால் பள்ளிப் பிள்ளைகள் இருநூறு பேர், அவர்கள் பின்னால் ஊர். பாலம் பலமாக இருக்கிறது என்று தலைவர் அறிவித்தார். அந்தச் செய்தியை நிறுத்துப் பார்த்தால் ஒன்றுமே காட்டவில்லை. அது உண்மையாக இருக்கலாம், அல்லது யாருமே நம்பாத பொய்யாக இருக்கலாம். தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே முத்திரைக்காரர் என்ன எழுதுகிறார் பார்ப்போம் என்று எல்லோரும் புதன்கிழமைக்குக் காத்திருந்தார்கள்.

மகள் ஞாயிற்றுக்கிழமையே வந்து கேட்டாள். "நாலு வரி எழுதுங்கப்பா. நீங்க எழுதினா ஊரே நடக்கும். இல்லேன்னா திறப்பு அன்னைக்கு நானும் அவரும் மட்டும் நின்னுக்கிட்டிருப்போம்." நடந்து பார்க்காமல் எழுதமாட்டேன் என்றார் அவர். திங்கட்கிழமை காலை குடையோடு போனார். பாலத்து வாசலில் மருமகன் கையில் பெயிண்ட் வாளியோடு நின்றிருந்தான். "இப்ப வேண்டாம் மாமா, பெயிண்ட் காயலை. காலடி அப்படியே பதிஞ்சிடும்." பரவாயில்லை, ஓரமாக நடக்கிறேன் என்றார் இவர். மருமகன் வாளியைக் கீழே வைத்தான். "ஏன் மாமா, என்மேல நம்பிக்கை இல்லையா?"

முப்பத்தொரு வருடத்தில் அந்தக் கேள்வியை ஆயிரம் கடைக்காரர்கள் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் 'இல்லை' என்று சொல்லிவிட்டுத்தான் படிக்கல்லைக் கையில் எடுத்தார். பெண் கொடுத்த இடத்தில் அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. குடையை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கி, வீட்டுக்குத் திரும்பிவிட்டார். மதியம் உட்கார்ந்து எழுதினார்: பாலம் நாற்பத்திரண்டு அடி நீளம். பச்சை வண்ணம் பூசப்பட்டிருக்கிறது. நானே இக்கரையிலிருந்து அக்கரைவரை நடந்து பார்த்தேன்.

புதன்கிழமை விடிந்தபோது கட்டு அச்சகத்துத் தரையில் முழங்கால் ஆழம் இறங்கியிருந்தது. சுமைக்காரர்கள் வந்ததும் கிரேன் வந்ததும் அப்போதுதான். கட்டிலிருந்து ஓர் இதழைப் பிரித்தெடுக்க, பாறையில் பலகைக்கல் உரிப்பதுபோல் இரண்டு பேர் கடப்பாரை போட்டார்கள். முத்திரைக்காரர் தன் சொந்தத் தராசையும் படிக்கற்கள் அடுக்கிய மரப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். இன்றோடு இந்தக் கூத்துக்கு முடிவு கட்டிவிடுவது என்று முகத்திலேயே தெரிந்தது. அச்சகத்தம்மாளைச் செருப்பைக் கழற்றச் சொன்னார். கூட்டத்தை மூன்றடி பின்னால் போகச் சொன்னார். மேசைக்கு அடியில் தானே தவழ்ந்து பார்த்தார், அதே பல்லி. "வெட்டுய்யா" என்றார்.

சைக்கிள்காரர் வெட்டினார். தலைவரின் பக்கம் முழுவதும் ஒன்றுமில்லை. பேருந்து நேரம் அதே எலுமிச்சம்பழம். மிஞ்சியது மூன்றாம் பக்கத்துக் கருத்து. அதை வரி வரியாக வெட்டச் சொன்னார் முத்திரைக்காரர். நாற்பத்திரண்டு அடிக்கு எடை இல்லை. பச்சை வண்ணம் காற்றில் போயிற்று. மூன்றாவது வரி, ஒரு விரல் அகலத் துண்டு, தட்டில் விழுந்ததும் தராசின் சங்கிலி அறுந்தது. மரக்கிடங்கின் மேடைத் தராசைக் கொண்டுவந்து வைத்தார்கள். முள் நாற்பது கிலோவில் போய் நின்றது. அவர் தரைமட்டம் பார்த்தார், முள்ளைத் தட்டினார், துண்டைத் திருப்பிப் போட்டார், மை உலரவில்லை என்றார், அச்சகத்தம்மாள் தன்னைப் பழிவாங்குகிறார் என்றார். நாற்பது கிலோ அசையவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகள் வந்தாள். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். முள்ளைப் பார்த்தாள், துண்டைக் குனிந்து படித்தாள்.

"அப்பா. நீங்க நடந்தீங்கல்ல?"

அவர் படிக்கல் பெட்டியை மூடினார்; திறந்தார்.

"நாளைக்கு முதல்ல போறது நான். பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு."

"போகாதம்மா" என்றார் அவர். "நான் நடக்கலை. வாசலோட திரும்பிட்டேன்."

முள் ஒரு கிலோ இறங்கியது. அறையில் இருந்தவர்களின் நம்பிக்கை அவ்வளவுதான். பிற்பாடு பாலத்தைப் பிரித்தபோது நடுத்தூணில் இருக்கவேண்டிய பதினாறு போல்ட்டில் பதினொன்றைக் காணோம். அந்த ஓட்டைகளில் பச்சைப் பெயிண்ட் தோய்த்த கந்தலைத் திணித்திருந்தார்கள். மருமகன் இரண்டு வருடம் மாமனாரோடு பேசவில்லை. மூன்றாம் வருடம் வந்து, தன் புது வேலை ஒன்றைக் காட்டி, "நடந்து பாருங்க மாமா" என்றான். அதெல்லாம் பிறகு. அன்று முத்திரைக்காரர் சைக்கிள்காரரைப் பார்த்து, "போ, தெருத்தெருவாச் சொல்லு, பொய் எழுதிட்டான்னு என் பேரைச் சொல்லியே கத்து" என்றார். சைக்கிள் கிளம்பியது. அச்சகத்தில் எல்லோரும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது இறங்குவதை வைத்தே சைக்கிள் எந்தத் தெருவில் போகிறது என்று தெரிந்தது. முப்பதில் சற்று நின்றது. மேட்டுத் தெருவில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார் என்று புரிந்துகொண்டார்கள். பதினெட்டு. ஒன்பது. பள்ளிக்கூடத்துக்குச் செய்தி போனபோது நாலு கிலோ ஒரே மூச்சில் இறங்கியது. மதியத்துக்குள் முள் சுழியத்தை நெருங்கி, அதற்கு ஒரு மயிரிழை மேலே நின்றுவிட்டது.

யாரோ ஒருவர் இன்னும் நம்புகிறார். கூட்டம் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டது. வியர்வையோடு திரும்பிவந்த சைக்கிள்காரர் கைக்குட்டையை உதறினார். "ஒரு வீடு விடலை. உங்க வீட்லதான் ஐயா, அம்மா கேக்க மாட்டேங்கறாங்க. 'அவரா? பொய்யா? போய் வேற வேலையைப் பாருங்க'ன்னு கதவைச் சாத்திட்டாங்க."

முத்திரைக்காரர் எழுந்து வீட்டுக்குப் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டு தெரு தள்ளி, அச்சகத்து மேடைத் தராசில் முள் சுழியத்தைத் தொட்ட நேரம் பன்னிரண்டு ஐம்பது. பார்த்தவர்கள் பதினோரு பேர். துண்டு மெல்ல எழுந்து ஜன்னல் வழியே வெளியே போனது. அவர் திரும்பி வந்தபோது மேடை காலியாக இருந்தது. குனிந்து நெடுநேரம் பார்த்தார். மேடையைக் கையால் அழுத்தினார், முள் ஏறியது. கையை எடுத்தார், முள் ஒழுங்காக வந்து நின்றது. நிமிர்ந்து அச்சகத்தம்மாளைப் பார்த்தார்.

"தராசுல பிழை இல்லம்மா" என்றார்.