குட்டையை மூடியது யார்

நாற்றுப்பண்ணைக்காரி சுற்றும் முற்றும் பார்த்தாள். கருத்துக்கேட்புக் கூட்டம் முடியப்போகிறது, ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து மனையில் பழைய பேட்டரி உருக்கும் ஆலை வரப்போகிறதாம். வந்தால் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் ஊற்றுக்குட்டை போச்சு, நாற்று போச்சு, தெருவே குடிக்கிற தண்ணீர் போச்சு.

நீர்நிலைக்குப் பக்கத்தில் அப்படி ஆலை வைக்கக் கூடாது என்றுதான் சட்டம். ஆனால் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையோ அங்கே நீர்நிலையே இல்லை என்கிறது. எப்படி இருக்கும்? எல்லாம் அவள் வீட்டுக்காரர் செய்த கைங்கரியம். யாரோ ஜீப்பில் சோதனைக்கு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதுதான் தாமதம், தேங்கிய தண்ணீரைக் காட்டிப் போன வருஷம் நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிய கொசு ஒழிப்புக்காரர்கள் என்றே நினைத்துவிட்டார் மனுஷன். மோட்டார் போட்டுக் குட்டையை ஒட்ட இறைத்தார், மேலே மணலைக் கொட்டிப் பரப்பினார், பல்லை இளித்துக்கொண்டு அவர்களை வரவேற்றார். வந்த ஆய்வுக்காரர்கள் காய்ந்த மணலைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். இந்த ஆளை என்ன செய்தால் தகும்!

அவள் எழுந்தாள். “ஐயா, அங்க குட்டை இருக்குங்க. மணலை மீறி ஊறி இப்பவும் நிக்குது.”

“மழைத் தண்ணியைக் காட்டிக் குட்டைன்னா எப்படிம்மா?” என்றார் மேடையில் இருந்த அதிகாரி. “இருந்த ஊத்தை இன்னார் மூடினாங்கன்னு சொல்லுங்க, மறு ஆய்வுக்கு எழுதறேன். ஆனா மூடினவங்க மேல கேஸ் வரும். ஜெயில்கூட உண்டு.”

பக்கத்து நாற்காலியில் இருந்த கணவரை இடித்தாள். “சொல்லுங்களேன்!”

“வம்பு எதுக்கு? பேசாம உக்காரு” என்று முணுமுணுத்தார் அவர்.

விஷயம் தெரிந்த தெருக்காரர்கள் எல்லோரும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடப்பாவிகளா, உங்கள் பிள்ளைகளும் அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறார்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

“யாரும்மா மூடினது?”

விரலை நீட்டினால் போதும். கை எழவில்லை.

“நான்தாங்க.”

கூட்டம் சலசலத்தது. அதிகாரி பேனாவை எடுத்தார். இதோ கணவர் எழுந்துவிடுவார், அவள் இல்லை நான்தான் என்று சொல்லிவிடுவார் என்று அவள் காத்திருந்தாள். உதவியாளர் வந்து கூப்பிட்டார். மேடைக்கு நடந்தாள். சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பின்னால் நாற்காலி நகரும் சத்தமே கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது, அவள் உள்ளே போக வழிவிட்டு அவர் காலை மடக்கிக்கொண்டார்.

“மறு ஆய்வு உண்டுன்னு சொல்லிட்டாங்க இல்ல?” என்று மெல்லக் கேட்டார்.

“சொல்லிட்டாங்க.”

பையை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள்.