ரோஸ்லினின் பூசணிக்காய்

ஜெர்மனியின் பீலெஃபெல்டில் ஜேசுரட்ணத்தின் வீட்டுக்குள் மூன்று வருடமாக டிசம்பர் முப்பத்தொன்றாம் திகதி. கதவுக்கு வெளியே நாட்கள் எல்லோருக்கும் போல அவருக்கும் போயின. உள்ளே காலெடுத்து வைத்தால் கைத்தொலைபேசி பழையபடி 2021ஆம் ஆண்டின் கடைசி நாளைக் காட்டியது. அன்று மத்தியானம் அவருடைய மனைவி ரோஸ்லின், சந்தையிலிருந்து தூக்கி வந்த பூசணிக்காயைச் சமையலறை மேசையில் வைத்து, குளிர்கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தபடியே, இதயம் நின்று இறந்துபோனார்.

ரோஸ்லின் ஹெயிட்டிக்காரி. மன்னாரிலிருந்து அகதியாக வந்த ஜேசுரட்ணமும் அவரும் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் போர்வை மடித்து, அரைகுறை ஜெர்மனில் காதலித்துக் கலியாணம் செய்தவர்கள். ஹெயிட்டியில் வருடப் பிறப்பன்று வீட்டுக்கு வீடு பூசணிக்காய் சூப் காய்ச்சுவார்கள். அடிமைக் காலத்தில் அதை எசமான்கள் மட்டும்தான் குடித்தார்களாம். விடுதலை கிடைத்த ஜனவரி முதலாம் திகதி எல்லோரும் குடித்தார்கள். சூப் குடிக்காத வீட்டுக்குள் புது வருடம் வராது என்று ரோஸ்லின் சொல்லுவார். அந்த முறை யாரும் காய்ச்சவில்லை. புது வருடமும் வரவில்லை.

பால் புளிக்கவில்லை. பூசணிக்காய் வாடவில்லை. பார்ஸ்லி, வெங்காயத்தாள், உள்ளி, தைம், தேசிக்காய்ப்புளி எல்லாம் சேர்த்து ரோஸ்லின் சூப்புக்கென்று கடைசியாக அரைத்த எப்பீஸ் என்கிற பச்சை விழுது, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு போத்தலில் அன்றைய பச்சையாகவே இருந்தது. ஜேசுரட்ணத்தின் தாடி வேலைத்தலத்திலும் பஸ்ஸிலும் மட்டும் வளர்ந்தது. சுவாமியார் வந்து வீட்டை ஆசீர்வதித்தார். அவருடைய தொலைபேசியிலும் முப்பத்தொன்று. கோப்பி குடித்துவிட்டுப் போனார். ஜேசுரட்ணத்துக்கு அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. பின்னேரங்களில் அந்தப் போத்தலைத் திறக்காமல் கையில் வைத்திருந்துவிட்டுத் திரும்ப வைப்பார். அவ்வளவுதான்.

மூன்றாம் வருட நவம்பரில் மகள் லவினியா பிள்ளைத்தாச்சியாக ஹம்பேர்க்கிலிருந்து வந்தாள். கணவன் கப்பலில் வேலை. டொக்டர் அவளைப் படுத்தே இருக்கச் சொல்லியிருந்தார். மூன்று கிழமை அப்பா வீட்டுக் கட்டிலில் கிடந்துவிட்டு டொக்டர் கொடுத்த டெர்மினுக்குப் போனால், அவள் வந்தபோது இருந்த அளவிலேயே பிள்ளை இருந்தது.

"ஒரு மில்லிமீட்டரும் வளரேல்லை அப்பா. இந்த வீட்டுக்கை கிடந்தா எப்பிடி வளரும்? சூப்பைக் காய்ச்சுங்கோ."

"நீ ஹம்பேர்க்குக்குப் போ மேனை."

"நான் போவன். நீங்கள்? பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகேக்கையும் உங்களுக்கு முப்பத்தொண்டுதானே?"

ஜேசுரட்ணம் பூசணிக்காயில் பாதியை வெட்டினார். போத்தலைத் தொடவில்லை, அதற்குப் பதிலாக வறுத்த மிளகாய்த்தூளை இரண்டு கரண்டி போட்டார். குடித்தார்கள். திகதி அசையவில்லை.

"அப்பா, இது பூசணிக்காய்க் கறி. அம்மா கண்டிருந்தா அகப்பையாலை ஒண்டு போட்டிருப்பா."

"தூள் கூடிப்போச்சோ?"

"போத்தலைத் திறவுங்கோ."

"அது முடிஞ்சிடும் மேனை."

"ஓம்," என்றாள் லவினியா. "முடிஞ்சிடும்."

அவர் திறந்தார். விழுதை வழித்து மாட்டிறைச்சியில் பிரட்டி ஊறவைத்தார். மிச்சப் பூசணிக்காயை அவித்துக் கரைத்து, இறைச்சியையும் முட்டைக்கோவாவையும் கரட்டையும் மக்கறோனியையும் போட்டு, உறைப்பு மிளகாயொன்றை ரோஸ்லின் செய்வதுபோல வெட்டாமல் முழுதாக மிதக்கவிட்டார். முதல் கரண்டியில் ஒரு வருடம் போனது. பெட்டிக்குள் பால் திரைந்தது. இரண்டாவதில் கூரையிலிருந்து தூசி இறங்கி மேசையில் படிந்தது. மூன்றாவதில் ஜேசுரட்ணத்தின் தலைமுடி தோள்வரை வளர்ந்து இறங்கியது, லவினியாவின் வயிற்றில் பிள்ளை உதைத்தது. வெளியே எந்த நவம்பரோ உள்ளேயும் அதே நவம்பர். மூன்று வருடத்துக் காலடிச் சத்தம் ஒரே நேரத்தில் கேட்டதென்று கீழ்வீட்டு யூலியா முறைப்பாட்டோடு படியேறி வந்தார். அந்தச் சூப்பை அயலுக்குக் கொடுக்காமல் விடக்கூடாது என்பது ரோஸ்லினின் ஊர் வழக்கம். அவருக்கும் ஒரு கோப்பை கொடுத்தார்கள். இரண்டாவதை அவரே கேட்டு வாங்கினார்.

அப்பா அழுவார் என்று லவினியா பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பசிக்குது என்றார். அடுத்த நாள் முடி வெட்டப் போனார்.

பேத்தி மூன்று கிழமை பிந்திப் பிறந்தாள். போத்தலின் அடியில் வழிக்க வராத ஒரு நகத்தளவு விழுது ஒட்டியிருக்கிறது. போன கோடையிலும் அது பச்சைதான். ஜேசுரட்ணம் அதை மூடி, உப்புக்கும் சீனிக்கும் நடுவில் வைத்திருக்கிறார். அதற்குள் மட்டும் இன்னும் டிசம்பர் முப்பத்தொன்று. உப்பு எடுக்க வருகிறவர்கள் அதை நகர்த்தி எடுத்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைக்கிறார்கள்.